இதய நிறுத்தத்திற்குப் பின் உடல் குளிர்விப்புச் சிகிச்சையின் வரலாறு

உடல் குளிர்விப்புச் சிகிச்சை என்பது, நின்றுபோன இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கிய பின்னும் நினைவு திரும்பாத நோயாளியின் உடல் வெப்பநிலையைத் திட்டமிட்டுச் சில பாகைகள் குறைத்து, மூளைக்கு ஏற்படும் சேதத்தைக் குறைக்க முயலும் மருத்துவ முறை ஆகும். தாழ்வெப்பச் சிகிச்சை என்றும் இது அழைக்கப்படுகிறது. பொதுவாக நோயாளியின் உடல் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டு, 12 முதல் 24 மணி நேரம் அந்நிலையில் வைக்கப்பட்டு, பின்னர் மெதுவாக இயல்பு வெப்பநிலைக்குக் கொண்டுவரப்படும்.

இம்முறை 1950களில் தொடங்கி, 1960களில் பெரும்பாலும் கைவிடப்பட்டு, 2002 ஆம் ஆண்டில் மீண்டும் பெரும் நம்பிக்கையுடன் ஏற்கப்பட்டது. 2013 மற்றும் 2021 ஆம் ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கின. ஒரு சிகிச்சை எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு பரவுகிறது, எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இதன் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பின்னணி: இதய நிறுத்தமும் மூளையும்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும் வேலையை முற்றாக நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டே மருத்துவமனைக்கு வரலாம். இதய நிறுத்தம் ஏற்பட்டவர் சில நொடிகளில் நினைவிழந்து விழுந்துவிடுவார். மாரடைப்பு இதய நிறுத்தத்திற்கு ஒரு முக்கியக் காரணமாக அமையக்கூடும் என்பதால் இரண்டும் ஒன்றாகக் கருதப்படுவதுண்டு.

மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. மூளைக்குள் சேமிப்பு என்று சொல்லத்தக்க அளவில் எரிபொருள் எதுவும் இல்லை. ஆகவே இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை உயிரணுக்கள் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. இதயத்தையோ சிறுநீரகத்தையோ மீட்டுவிட முடிந்த நேரத்திலும் மூளையை மீட்க முடியாமற் போவதற்கு இதுவே காரணம்.

சேதம் இரத்த ஓட்டம் நின்றிருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்படுவதில்லை. இதயம் மீண்டும் துடித்து இரத்தம் மூளைக்குத் திரும்பிய பிறகும் பல மணி நேரம், சிலசமயம் சில நாட்கள், அது தொடர்கிறது. நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுக்கு மீறி வெளியாகிறது. கால்சியம் உயிரணுக்களுக்குள் பெருமளவில் புகுகிறது. ஆக்சிஜன் திரும்பி வரும்போது தீங்கு விளைவிக்கும் வேதித் துகள்கள் உருவாகின்றன. மூளை வீங்குகிறது, சிலருக்கு வலிப்பு ஏற்படுகிறது, சில உயிரணுக்கள் தாமாகவே அழியும் பாதையில் செல்கின்றன. இந்த இரண்டாம் கட்டச் சேதம் மெதுவாக நடப்பதால் அதைத் தடுக்கச் சிறிது அவகாசம் உண்டு என்னும் எண்ணமே குளிர்விப்புச் சிகிச்சையின் அடிப்படை.

தொடக்ககால அவதானிப்புகள்

குளிர்ச்சியை மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணம் பழமையானது. பண்டைய கிரேக்கத்தில் இப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தக் குளிர்ச்சியைப் பரிந்துரைக்கின்றன.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணிபுரிந்த இசுக்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் கர்ரி, 1790 ஆம் ஆண்டில் மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் நேர்ந்த ஒரு கப்பல் விபத்தால் இத்துறையில் ஆர்வம் கொண்டார். தாமாக முன்வந்தவர்களைக் குளிர்ந்த நீரில் அமர்த்தி, வெப்பமானி கொண்டு அவர்களது உடல் வெப்பநிலை மாறும் விதத்தைப் பதிவு செய்தார். 1797 இல் வெளியான அவரது நூல், மருத்துவத்தில் வெப்பமானியை முறையாகப் பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று.

நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, போர்க்களத்துக் கடுங்குளிரில் கண்டவற்றை எழுதிவைத்தார். 1807 இல் ஐலாவ் போரின்போது உறைபனியில் விறைத்திருந்த வீரர்களுக்குக் கை கால்களை அகற்றும் அறுவையில் வலி குறைவாக இருந்ததை அவர் கவனித்தார். உறைந்த உறுப்புகளை உடனே நெருப்பருகே காட்டியவர்களுக்கு அவ்வுறுப்புகள் அழுகிப்போனதையும் குறித்துள்ளார். குளிரைப் போலவே, அவசரமாகச் சூடேற்றுவதும் தீங்கு தரும் என்னும் செய்தி பிற்கால மருத்துவர்களுக்குப் பயன்பட்டது.

டெம்பிள் ஃபே

உடல் முழுவதையும் திட்டமிட்டுக் குளிர்வித்த முன்னோடி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர் டெம்பிள் ஃபே ஆவார். புற்றுநோய் கை கால்களின் நுனிப் பகுதிகளுக்கு அரிதாகவே பரவுகிறது என்பதும், அப்பகுதிகள் உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சியானவை என்பதும் அவரைச் சிந்திக்க வைத்தன. 1938 ஆம் ஆண்டில், முற்றிய புற்றுநோயால் வலியில் துன்புற்ற நோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தி, பனிக்கட்டிகளாலும் குளிர்காலக் காற்றாலும் 32 பாகை அளவுக்குக் குளிர்விக்கத் தொடங்கினார்.

அக்கால மருத்துவமனை வெப்பமானிகள் அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையைக் காட்டும்படி செய்யப்பட்டவை அல்ல. உடல் வெப்பநிலை அந்த அளவுக்கு இறங்கினால் மனிதர் இறந்துவிடுவார் என்ற கருத்தும் பரவலாக இருந்தது. ஃபேயின் நோயாளிகள் பலர் குளிர்விக்கப்பட்டு மீண்டும் சூடேற்றப்பட்ட பின் கண்விழித்தனர். புற்றுநோய் குணமாகவில்லை, ஆனால் வலி குறைந்தது. மனித உடல் 32 பாகையில் ஒரு நாள் முழுவதும் உயிரோடு இருக்க முடியும் என்பதை அவரது பணி காட்டியது. தலைக் காயமடைந்தோருக்கும் அவர் இம்முறையைக் கையாண்டார்.

டாக்கௌ முகாமின் குற்றங்கள்

குளிர்விப்பு ஆய்வின் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. 1942 ஆகஸ்ட் முதல் 1943 மே வரை, செருமனியின் டாக்கௌ வதைமுகாமில் கைதிகள் பனிநீர்த் தொட்டிகளில் மூழ்க வைக்கப்பட்டனர். கடலில் விழும் விமானப்படை வீரர்களை எவ்வாறு சூடேற்றுவது என்று அறிவதே இதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. சிக்மண்ட் ராஷர் என்பவர் இதில் முக்கியப் பங்கு வகித்தார். ஏறக்குறைய 300 கைதிகள் இதற்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

போருக்குப் பின் நியூரம்பெர்க் நகரில் நாசி மருத்துவர்கள் மீது நடந்த வழக்கில் இக்கொடுமைகள் வெளிவந்தன. அவ்வழக்கின் தீர்ப்போடு 1947 இல் உருவானதே நியூரம்பெர்க் நெறிமுறை. மனிதர் மீதான எந்த ஆய்வுக்கும் அவரது விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்பது அதன் முதல் விதி. டாக்கௌ முகாமின் அளவீடுகளைப் பயன்படுத்தலாமா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 1990 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் இராபர்ட் பெர்கர் அக்குறிப்புகளை ஆராய்ந்து, அவை முரண்பாடுகளும் புனைவுகளும் நிறைந்தவை, அறிவியல் மதிப்பற்றவை என்று எடுத்துக்காட்டினார்.

இதய அறுவையும் குளிர்விப்பும்

குளிர்விப்பு முறைக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தவர் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த வில்பிரட் பிகெலோ. உறைபனியால் பாதிக்கப்பட்ட கை கால்களை ஆராய்ந்து வந்த அவர், உடல் முழுவதையும் குளிர்வித்தால் இதயத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி அறுவை செய்ய முடியுமே என்று எண்ணினார். அதுவரை, குளிர்ந்த உடலில் ஆக்சிஜன் தேவை கூடுகிறது என்றே சிலர் கருதினர். குளிரில் ஏற்படும் நடுக்கமே அதற்குக் காரணம் என்றும், மயக்க மருந்தால் நடுக்கத்தை அடக்கிவிட்டால் வெப்பநிலை இறங்க இறங்க ஆக்சிஜன் தேவையும் இறங்குகிறது என்றும் பிகெலோ நாய்களில் செய்த ஆய்வுகள் மூலம் நிறுவினார். இவ்வாய்வு 1950 இல் வெளியானது. நிலத்தடியில் குளிர்கால உறக்கம் கொள்ளும் கொறிணிகளையும் அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

1952 செப்டம்பர் 2 ஆம் நாள், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் தலைமையிலான குழு, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 28 பாகைக்குக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தை ஏறக்குறைய ஐந்தரை நிமிடங்கள் நிறுத்தி, இதய மேலறைச் சுவரில் இருந்த துளையைத் தைத்து மூடியது. திறந்த இதய அறுவையின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. மறு ஆண்டே ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு வெற்றிகரமாக அறுவை செய்தார். எனினும் பெருந்தமனி அறுவைகளிலும் குழந்தைகளின் சில இதய அறுவைகளிலும் குளிர்விப்பு இன்றும் பயன்படுகிறது.

1954 இல் ரோசொமாஃப், ஹாலடே ஆகியோர் நாய்களின் மூளையில் ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்தனர். வெப்பநிலை ஒரு பாகை குறையும்போது மூளையின் ஆக்சிஜன் பயன்பாடு ஏறக்குறைய 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது என்று கண்டறிந்தனர். இந்த எண் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

இதய நிறுத்தத்திற்குப் பின் முதல் முயற்சிகள்

மேற்கூறிய அறுவைகளில் இதயம் நிற்பதற்கு முன்பே உடல் குளிர்விக்கப்பட்டது. இதயம் நின்று மீண்ட பிறகு குளிர்விப்பது வேறு செயல். இதை 1950களின் இறுதியில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையினர் முயன்றனர். 1958 இல் வில்லியம்ஸ், ஸ்பென்சர் இருவரும் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினர். மறு ஆண்டு பென்சனும் உடன்பணியாற்றியவர்களும் 19 நோயாளிகளைப் பற்றிய குறிப்பை வெளியிட்டனர். குளிர்விக்கப்பட்ட 12 பேரில் 6 பேர் பிழைத்தனர். குளிர்விக்கப்படாத 7 பேரில் ஒருவரே பிழைத்தார்.

இந்த வேறுபாடு கவர்ச்சியானது. ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது. யாரைக் குளிர்விப்பது என்பது குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்படவும் இல்லை. பிழைக்க வாய்ப்புள்ளவர்களே குளிர்விக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வால் நீக்க முடியாது.

1960 இல் அதே மருத்துவமனையைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தர முடியும் என்று அறிவித்தனர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை அதற்குச் சற்று முன்பே பீட்டர் சாஃபர் நிறுவியிருந்தார். இவ்விரண்டும் இணைந்ததே இன்றைய இதய நுரையீரல் மீட்பு முதலுதவி. இதன்பின் தெருவிலும் வீட்டிலும் விழுந்தவர்களின் இதயங்கள் மீண்டும் துடிக்கத் தொடங்கின. கூடவே, இதயம் துடித்தும் கண்விழிக்காத நோயாளிகள் என்னும் புதிய துயரமும் மருத்துவமனைகளுக்கு வந்தது.

சாஃபர் 1964 இல் வெளியிட்ட மீட்பு வழிமுறையில், நினைவு திரும்பாதவர்களை அரை மணி நேரத்திற்குள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் ஒரு படியாகச் சேர்த்திருந்தார்.

கைவிடப்பட்ட காலம்

ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் இம்முறை ஏறக்குறைய மறைந்துபோனது. அன்று நோயாளிகள் 30 பாகை அல்லது அதற்கும் கீழே, சிலசமயம் பல நாட்கள், குளிர்விக்கப்பட்டனர். அந்த வெப்பநிலையில் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. இரத்தம் உறையும் திறன் குறைகிறது. நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் தளர்ந்து நுரையீரல் அழற்சி வருகிறது. செயற்கைச் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் வளராத காலத்தில் இச்சிக்கல்களைச் சமாளிப்பது கடினமாக இருந்தது. மூளை காப்பாற்றப்படுவதற்கு முன் நோயாளியே இறந்துவிடும் நிலை ஏற்பட்டது.

பீட்டர் சாஃபரும் மிதமான குளிர்விப்பும்

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சாஃபர், 1961 முதல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1966 இல் அவருடைய மகளான சிறுமி எலிசபெத்துக்குக் கடும் ஆஸ்துமா ஏற்பட்டு இதயம் நின்றது. இதயத்தை மீட்க முடிந்தது, மூளையை மீட்க முடியவில்லை. உலகுக்கு மூச்சூட்டும் முறையைக் கற்பித்தவரின் வீட்டிலேயே அம்முறையின் எல்லை தெரிந்தது. இதயத்தையும் நுரையீரலையும் மட்டுமல்ல, மூளையையும் சேர்த்து மீட்பதே உண்மையான மீட்பு என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1979 இல் மீட்பு மருத்துவத்திற்கென ஒரு தனி ஆய்வு மையத்தையும் பிட்ஸ்பர்க்கில் நிறுவினார்.

இதற்கிடையே 1987 இல் மயாமி நகரில் ராவுல் பூஸ்டோ குழுவினர் எலிகளில் செய்த ஆய்வு ஒரு புதிய வழியைத் திறந்தது. இரத்த ஓட்டம் தடைபடும் நேரத்தில் மூளையின் வெப்பநிலை ஓரிரு பாகைகள் மட்டுமே வேறுபட்டாலும் சேதத்தின் அளவு பெரிதும் மாறுவதை அவர்கள் கண்டனர். ஆகவே 30 பாகைக்குக் கீழே செல்லத் தேவையில்லை, மிதமான குளிர்ச்சியே போதும் என்ற கருத்து உருவானது. சாஃபரின் ஆய்வகம் 1990களின் தொடக்கத்தில் நாய்களில் 34 பாகை அளவிலான குளிர்விப்பு பயன் தருவதைக் காட்டியது. அங்கே பயின்ற ஃபிரிட்ஸ் ஸ்டெர்ஸ் என்னும் ஆஸ்திரிய மருத்துவர் இந்த அறிவோடு வியன்னா திரும்பினார்.

2002: இரண்டு ஆய்வுகள்

2002 பிப்ரவரியில் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன.

முதலாவது ஸ்டெர்ஸ் முதலானோர் முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஆய்வு. ஐந்து நாடுகளின் ஒன்பது மையங்களில் 275 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். இதயக் கீழறை நடுக்கம் என்னும் வகை இதய நிறுத்தம், பிறர் கண்முன்னே ஏற்பட்டவர்கள் இவர்கள். ஒரு பிரிவினர் 32 முதல் 34 பாகையில் 24 மணி நேரம் வைக்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின் மூளை நல்ல நிலையில் இருந்தவர்கள் குளிர்விக்கப்பட்ட பிரிவில் 55 விழுக்காடு, மற்றப் பிரிவில் 39 விழுக்காடு. இறப்பு முறையே 41, 55 விழுக்காடு.

இரண்டாவது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஸ்டீபன் பெர்னார்ட் நடத்தியது. அதில் 77 நோயாளிகள் இருந்தனர். ஆம்புலன்சிலேயே பனிப்பைகள் வைக்கத் தொடங்கி, மருத்துவமனையில் 33 பாகையில் 12 மணி நேரம் வைத்தனர். குளிர்விக்கப்பட்ட 43 பேரில் 21 பேரும், மற்ற 34 பேரில் 9 பேரும் வீட்டுக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ செல்லும் நிலையில் மீண்டனர். யாரைக் குளிர்விப்பது என்பது அன்றைய தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து முடிவானது.

இதய நிறுத்தத்திற்குப் பின் மூளையைக் காக்க முயன்ற பல மருந்துகள் அதற்கு முன் தோல்வி கண்டிருந்தன. முதன்முறையாக ஒன்று பலித்தது என்னும் செய்தி மருத்துவ உலகில் வேகமாகப் பரவியது. 2003 இல் வெளியான பன்னாட்டு மீட்பு மருத்துவக் கூட்டமைப்பின் அறிக்கை, மருத்துவமனைக்கு வெளியே இவ்வகை இதய நிறுத்தம் ஏற்பட்டு நினைவு திரும்பாத பெரியவர்களை 32 முதல் 34 பாகையில் 12 முதல் 24 மணி நேரம் குளிர்விக்கப் பரிந்துரைத்தது.

குளிர்விக்கும் முறை

சிகிச்சை மூன்று கட்டங்களில் நடைபெறும்.

முதல் கட்டம் குளிரேற்றல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய பெரிய இரத்தக் குழாய்கள் செல்லும் இடங்களில் பனிப்பைகள் வைக்கப்படும். குளிர்ந்த நீர் ஓடும் போர்வைகள், உடலில் ஒட்டும் திண்டுகள், தொடைச் சிரைவழியே செலுத்தப்படும் குளிர்விப்புக் குழாய்கள் ஆகியவையும் பயன்படுகின்றன.

இரண்டாவது கட்டம் நிலைநிறுத்தல். உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ வைக்கப்பட்ட உணரி மூலம் வெப்பநிலை தொடர்ந்து கண்காணிக்கப்படும். உடல் நடுங்கினால் வெப்பம் உருவாகி முயற்சி வீணாகும். ஆகவே மயக்க மருந்துகளும், தேவைப்பட்டால் தசைத் தளர்த்தி மருந்துகளும் தரப்படும். பிகெலோ 1950 இல் கண்ட அதே உண்மை இங்கு பயன்படுகிறது.

மூன்றாவது கட்டம் சூடேற்றல். மணிக்கு கால் பாகை முதல் அரைப் பாகை வரை மட்டுமே வெப்பநிலை உயர்த்தப்படும். வேகமாகச் சூடேற்றினால் இரத்த அழுத்தம் சரியும், இரத்தத்தில் பொட்டாசியம் அளவு உயரும், மூளை வீக்கமும் ஏற்படலாம்.

பனிக்கடியில் உயிர் பிழைத்தவர்

குளிர்விப்பின் மீதான நம்பிக்கைக்கு வலுவூட்டிய ஒரு நிகழ்வு 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் நகருக்கருகே நடந்தது. பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த 29 வயது சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் ஒருவர், உறைந்த ஓடையின் பனிப்பாளத்துக்கு அடியில் சிக்கி 80 நிமிடங்கள் கிடந்தார். மீட்கப்பட்டபோது இதயத் துடிப்பு இல்லை. டிரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபின் பதிவான மிகக் குறைந்த உடல் வெப்பநிலை 13.7 பாகை. இதய நுரையீரல் இயந்திரத்தால் சூடேற்றப்பட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பின் அவர் மருத்துவப் பணிக்கே திரும்பினார்.

இந்நிகழ்வை இதய நிறுத்தத்திற்குப் பின்னான குளிர்விப்புக்குச் சான்றாகக் காட்டுவது சரியன்று. பனிக்கடியில் இருந்த காற்றுப் பையில் அவர் சுமார் 40 நிமிடங்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இதயம் நிற்பதற்கு முன்பே மூளை ஆழமாகக் குளிர்ந்துவிட்டது. சூடான உடலில் இதயம் நின்று, சேதம் தொடங்கிய பிறகு குளிர்விப்பது முற்றிலும் வேறு நிலை. பொதுமக்களிடம் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தன.

எழுந்த ஐயங்கள்

2002 ஆய்வுகளின் குறைகள் தொடக்கத்திலிருந்தே சிலரால் சுட்டிக்காட்டப்பட்டன. ஐரோப்பிய ஆய்வுக்காகப் பரிசீலிக்கப்பட்ட 3551 பேரில் 275 பேரே சேர்க்கப்பட்டனர். சிகிச்சையளித்தவர்களுக்கு யார் எந்தப் பிரிவு என்பது தெரிந்தே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்விக்கப்படாத பிரிவினரில் பலருக்குக் காய்ச்சல் வந்தது, அது முறையாகத் தடுக்கப்படவில்லை. அப்படியென்றால் அந்த ஆய்வு காட்டியது குளிர்ச்சியின் நன்மையையா, காய்ச்சலின் தீமையையா?

இக்கேள்விக்கு விடை காண, சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் நீல்சன் தலைமையில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 939 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு நடந்தது. ஒரு பிரிவு 33 பாகையிலும் மற்றது 36 பாகையிலும் வைக்கப்பட்டன. இரு பிரிவிலும் காய்ச்சல் தடுக்கப்பட்டது. 2013 இல் வெளியான முடிவின்படி இறப்பு 33 பாகையில் 50 விழுக்காடு, 36 பாகையில் 48 விழுக்காடு. மூளை நிலையிலும் வேறுபாடு இல்லை.

அதே காலத்தில், ஆம்புலன்சிலேயே 4 பாகைக் குளிர் உப்புநீரை நரம்பு வழியே செலுத்தும் முறை அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 1359 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பயன் ஏதும் இல்லை. மாறாக, வழியிலேயே இதயம் மீண்டும் நின்றுபோவது கூடியது.

2019 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு மாறுபட்ட முடிவைத் தந்தது. மின்னதிர்ச்சியால் சரிசெய்ய இயலாத வகை இதய நிறுத்தம் ஏற்பட்ட 581 பேரில், 33 பாகையில் வைக்கப்பட்டோரில் 10.2 விழுக்காட்டினரும், 37 பாகையில் வைக்கப்பட்டோரில் 5.7 விழுக்காட்டினரும் நல்ல மூளை நிலையுடன் மீண்டனர். எனினும் இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை.

2021 இல் நீல்சன் குழுவினரின் இரண்டாவது ஆய்வு வெளியானது. 14 நாடுகளில் ஏறக்குறைய 1900 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவு 33 பாகைக்குக் குளிர்விக்கப்பட்டது. மற்றப் பிரிவு குளிர்விக்கப்படவில்லை, காய்ச்சல் 37.8 பாகையை எட்டினால் மட்டும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆறு மாத இறப்பு முறையே 50, 48 விழுக்காடு. உயிர் பிழைத்தவர்களின் செயல்திறனிலும் வேறுபாடு இல்லை. இரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் சீரற்ற இதயத் துடிப்பு குளிர்விக்கப்பட்டோரில் 24 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 17 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது.

பிறந்த குழந்தைகளும் தெற்காசிய ஆய்வும்

பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்படும் குழந்தைகளுக்குக் குளிர்விப்பு தனி வழியில் வளர்ந்தது. 1950களின் இறுதியில் சுவீடனில் பியோர்ன் வெஸ்டின் இத்தகைய குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி மீட்க முயன்றார். ஆனால் குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்தால் அதிகம் பிழைக்கின்றன என்று 1958 இல் வில்லியம் சில்வர்மன் நியூயார்க்கில் நிறுவியதும் குளிர்விப்பில் ஆர்வம் குறைந்தது.

2005 இல் சீதா சங்கரன் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு இதைத் திருப்பியது. 208 குழந்தைகளில் ஒரு பிரிவு 33.5 பாகையில் 72 மணி நேரம் வைக்கப்பட்டது. இறப்போ பெரிய ஊனமோ அப்பிரிவில் 44 விழுக்காடாகவும் மற்றதில் 62 விழுக்காடாகவும் இருந்தது. பிற ஆய்வுகளும் இதை ஆதரித்ததால் வளர்ந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையானது.

இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இதே முறை சோதிக்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையேற்ற இவ்வாய்வில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளும் பங்கேற்றன. 2021 இல் வெளியான முடிவு எதிர்பாராதது. இறப்பும் ஊனமும் சேர்ந்த அளவு குளிர்விக்கப்பட்டோரில் 50 விழுக்காடு, மற்றோரில் 47 விழுக்காடு. இறப்பு மட்டும் 42 விழுக்காடு, மற்றோரில் 31 விழுக்காடு. அதாவது குளிர்விக்கப்பட்ட குழந்தைகளே அதிகம் இறந்தன. இங்குள்ள குழந்தைகளின் மூளைச் சேதம் பிறப்புக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஒரு நாட்டில் பயன் தந்த சிகிச்சையை மற்றொரு நாட்டில் சோதிக்காமல் பின்பற்றக்கூடாது என்பதற்கு இது சான்றாக அமைந்தது.

இன்றைய நிலை

சிகிச்சையின் பெயரும் காலத்தோடு மாறியது. தாழ்வெப்பச் சிகிச்சை என்பது இலக்கு வெப்பநிலை மேலாண்மை என்றாகி, இப்போது வெப்பநிலைக் கட்டுப்பாடு என்று சுருங்கியுள்ளது. 2022 இல் ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், இதய நிறுத்தத்திற்குப் பின் நினைவு திரும்பாதவர்களுக்கு வெப்பநிலையைத் தொடர்ந்து கண்காணிக்கவும், 37.7 பாகைக்கு மேல் காய்ச்சல் ஏறாமல் குறைந்தது 72 மணி நேரம் தடுக்கவும் பரிந்துரைத்தது. 32 முதல் 36 பாகை வரையிலான குளிர்விப்பு பற்றி ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அது கூறியது. சில வகை நோயாளிகளுக்கு, குறிப்பாக நடுத்தர அளவில் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு, குளிர்விப்பு பயன் தரக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்கள் இன்றும் உள்ளனர்.

இந்நீண்ட முயற்சி வீண்போனதாகக் கூற இயலாது. குளிர்விக்கத் தொடங்கியதால்தான் இதய நிறுத்த நோயாளிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. முன்பெல்லாம் முதல் நாளிலேயே நம்பிக்கை இல்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லப்பட்ட நோயாளிகள் சிலர் மூன்றாம் நாள், நான்காம் நாள் கண்விழிப்பது தெரியவந்தது. ஆகவே குறைந்தது 72 மணி நேரம் கடக்காமல், ஒரே ஒரு சோதனையை மட்டும் நம்பி, மூளை மீளாது என்று முடிவு கட்டக்கூடாது என்பது இன்று பொதுவான விதி.

மருத்துவமனையில் தரப்படும் எந்தச் சிகிச்சையும் இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் இழந்ததை முழுமையாக ஈடுகட்டாது. அருகில் இருப்பவர் உடனே அவசர உதவியை அழைப்பதும், மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துவதும், கிடைத்தால் மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்துவதுமே மூளையைக் காக்கும் முதல் வழிகளாக இன்றும் உள்ளன. இந்தியாவில் அவசர ஊர்தியை அழைக்க 108 என்னும் எண் பல மாநிலங்களில் பயன்பாட்டில் உள்ளது.